தூங்குகிறவரை எழுப்பாத வீடு

தினேசு, இதைச் சாவகாசமாக உட்கார்ந்து படி. கேண்டீன் வரிசையில் நின்றுகொண்டோ, மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டோ படிக்காதே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இசக்கி நன்றாக இருக்கிறாள், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நன்றாக இருக்கிறது. நான் இதை எழுதும்போது உன் பெண்டாட்டி கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆனால் போன திங்கட்கிழமை சாயங்காலம், இப்படி ஒரு வரியை என்னால் எழுத முடியுமா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அன்றைக்கு நடந்ததை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று அவள் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். அதை இப்போது மீறப்போகிறேன். கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் நீ 'சரிப்பா, சரிப்பா' என்பாய், அதற்குள் உன்னை யாராவது கூப்பிடுவார்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஒரு வாரம் விடியற்காலையில் ஆட்களை ஏற்றப் போவேன், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. நீ படித்து முடித்து வேலைக்குப் போனபின் உனக்கும் அதே சுழற்சிதான். வடக்குப்பட்டில் நம் தெருவில் பாதி வீடு இப்படித்தான் ஓடுகிறது. அதனால் நம் வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம், தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. பகலில் யாராவது படுத்திருந்தால் விசில் அடிக்கும் என்று குக்கர் வைக்க மாட்டோம். காலிங் பெல் ஒயரை என்றைக்கோ பிடுங்கிப் போட்டாயிற்று. நீ ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, நான் நைட் டூட்டி முடித்துப் படுத்திருக்க, பரணிலிருந்து பித்தளை அண்டாவைத் தள்ளிவிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அது உருண்டு ஓயும்வரை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாயாம். நான் புரண்டுகூடப் படுக்கவில்லையாம். உன் அம்மா இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இந்த வீட்டில் சத்தம் இல்லை என்றால், உழைத்து வந்த யாரோ நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். அப்படித்தான் நீ வளர்ந்தாய். வேறு அர்த்தமும் இருக்கும் என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இசக்கிக்கு இந்தச் சட்டத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் இருந்தவள். ஒரே அறையில் மூன்று ஷிப்ட் பெண்களும் படுத்திருப்பார்களாம், லைட் போடாமலே தலை வாரிக் கிளம்பப் பழகியவள். செல்போன் கம்பெனி லைனில் ஏழாவது மாதம்வரை நின்றாள், பெரும்பாலும் செகண்ட் ஷிப்ட். லைனில் நிற்கும்போது பிள்ளை தூங்குமாம், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆட ஆரம்பிக்குமாம். லீவு போட்டு வீட்டோடு இருந்தபிறகு அதன் கச்சேரி சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. நான் டீ குடிக்க உட்காரும் நேரத்தில் மதில் பக்கம் நின்று பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள், "வந்துட்டான்க்கா செகண்ட் ஷிப்ட்டுக்காரன், கார்டு தேச்சுட்டான்." நீயும் போனில் தினமும் அதையே கேட்பாய். "இன்னா, டூட்டிக்கு வந்துட்டானா?" என்று நீ கேட்பது எனக்கும் கேட்கும். நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். பிறக்கும் முன்பே பிள்ளைக்கு ஷிப்ட் போட்டுக் கொடுத்த குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

ஒன்பதாவது மாதம் பிறந்ததும் அந்த விளையாட்டு விளையாட்டாக இல்லை. சாம்பார் ஊற்ற வருவாள், கரண்டி பாதியில் நிற்கும், முகம் சுருங்கும், இன்னொரு கை வலது விலாவைப் பிடிக்கும். நான் தட்டைப் பார்த்துக்கொள்வேன். பாத்ரூமுக்குப் போய்த் திரும்பி வந்து உட்காருவாள், உட்கார்ந்த மாத்திரத்தில் மறுபடி எழுந்து போவாள். நான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். மாமனார்க்காரன் என்னவென்று கேட்பான், சொல்? வயிறு என்ற சொல்லே எங்கள் இருவர் பேச்சில் வந்ததில்லை. "உடம்பு எப்டிம்மா கீது?" என்பேன். "நல்லாருக்கு மாமா" என்பாள். அத்தோடு முடிந்தது. அவளுடைய அம்மா வளைகாப்புக்கு வந்து, கையோடு கூட்டிப்போவதாகத்தான் இருந்தாள். பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவு தூரம் பயணம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அங்கே சம்பந்தி இடுப்பெலும்பு உடைந்து படுத்த படுக்கை, அவரை விட்டுவிட்டு அந்த அம்மா இங்கே வந்து தங்கவும் முடியாது. நீ வேலைக்காகப் புனேயில். ஆக இந்த வீட்டில் மாசமான ஒரு பெண்ணும், அவளிடம் எதையும் கேட்கத் தெரியாத ஒரு பஸ் டிரைவரும்தான் மிச்சம்.

இப்போது உன்னிடம் ஒரு சண்டை போட வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் வீடியோ காலில் அவள் வயிற்றில் துணி எழும்பி இறங்குவதைப் பார்த்துவிட்டு, அதைப் பதிவு பண்ணி, கீழே கால்பந்து படம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தாயே, அதைத்தான் சொல்கிறேன். உன் கூட்டாளிகள் எல்லாரும் கைதட்டினார்கள். உனக்குப் பெருமையாக இருந்திருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கால் விழுந்த இடம் அவளுடைய விலா. நீ போனை வைத்தபிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், சமையற்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாள். தெருவில் வருகிறவர் போகிறவர் எல்லாம் "இம்மாம் ஒதை ஒதைச்சா பையன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வலிக்கிறது என்று சொன்னால் பிள்ளையைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று அந்தப் பெண்ணுக்குப் பயம். வலிக்கிறது என்பதும் பிள்ளை மேல் பிரியம் என்பதும் ஒரே உடம்பில் ஒன்றாக இருக்கலாம் என்று அவளுக்குச் சொல்ல இங்கே ஒரு ஆளில்லை. நீ சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியில் ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருத்திதான் அந்த வலியை அவள் வாயிலிருந்து கேட்டு வாங்கினாள். மாதச் செக்கப்புக்கு நான்தான் படப்பைக்குக் கூட்டிப்போனேன். "எங்கம்மா வலிக்குது, காட்டு" என்று அவள் கேட்டதும் இசக்கி மடைதிறந்த மாதிரி சொன்னாளாம். அதன்பிறகு வீட்டில் கொஞ்சம் மாறியது. அந்த நர்சம்மா சொன்னதை எல்லாம் நீயும் தெரிந்துகொள், இதில் உனக்கும் வேலை இருக்கிறது. நேராக நிமிர்ந்து உட்கார்ந்தால் பிள்ளைக்குக் காலை நீட்ட இடம் கிடைக்கும், கூன் போட்டு உட்கார்ந்தால் விலாவில்தான் முட்டும். முட்டுகிற பக்கத்துக் கையை மேலே தூக்கி, எதிர்ப்பக்கம் மெதுவாகச் சாய்ந்தால் அந்தக் கால் கொஞ்சம் நழுவும். படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்றும் வயிற்றுக்கு அடியில் ஒன்றுமாகத் தலையணை. பெரும்பாலும் இடதுபக்கம். பொறுக்க முடியாதபோது தரை துடைக்கிற மாதிரி கையையும் முழங்காலையும் ஊன்றிச் சற்றுநேரம் இருந்தால் பாரம் முன்னால் இறங்கி முதுகுக்கு இதமாக இருக்கும். வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம், மெல்ல நடக்கலாம், மூச்சை நிதானமாக இழுத்து விடலாம். எதுவும் உதையை நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது. தாங்கிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். என் பங்குக்கு நான் டெப்போவில் உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து சாய்கிற சீட் ஒன்றைக் கேட்டு வாங்கி, அடியில் கட்டை அடித்துக் கூடத்தில் போட்டேன். இசக்கி அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "டிக்கெட்டு எடுக்கணுமா மாமா?" என்று கேட்டாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இந்த வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளை ஆடிய ஆட்டம் இதுவரை ஆடாத ஆட்டம். வழக்கமான நேரம் என்று இல்லை. மத்தியானத்திலிருந்தே உருண்டு புரண்டு, அவளை ஒரு வாய் சோறு தின்ன விடவில்லை. சீட்டில் உட்காருவாள், எழுவாள், கையை ஊன்றிக் குனிவாள். சாயங்காலத்துக்கு மேல் அடங்கியது. மறுநாள் திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். விடிந்து வெயில் ஏறியும் அவள் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறாய். குக்கர் வைக்காமல் பானையில் சோறு வடித்தேன், சத்தமில்லாமல் ரசம் வைத்தேன், பால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கி வாங்கிக்கொண்டேன். மத்தியானம் எழுந்து வந்து, பல நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டாள். முகத்தில் வலி இல்லை. மதிலோரம் நின்று மேரி அக்காவிடம், "இன்னைக்கு ஒரு தொந்தரவும் இல்லக்கா. நல்ல பிள்ளையா இருக்கான்" என்றாள். "ஷிப்ட் மாறிட்டான் போலடி, திங்கக்கெழமதானே" என்றாள் மேரி அக்கா. டீ டம்ளரோடு இருந்த நானும் சிரித்தேன். நாங்கள் எல்லாருமே திங்கட்கிழமை ஷிப்ட் மாறுகிறவர்கள். எங்களுக்கு அது அவ்வளவு நியாயமாகப் பட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிட்டாய். உனக்கு ஞாபகம் இருக்கும். டீ பிரேக்கில் இருப்பதாகச் சொல்லி, "காட்டு, காட்டு, என் ஆளு இன்னா பண்றான்?" என்றாய். அவள் போனை வயிற்றுக்கு நேராகப் பிடித்தாள். ஒன்றும் இல்லை. தட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய் என்று நான் எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். "தூங்கறான் வுடு. எழுப்பாத. நம்ம வூட்டு ரத்தம் இல்ல?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன், மேரி அக்காவும் அதையேதான் சொன்னாள். ஆனால் நீ வைத்தபிறகு போன் வெளிச்சம் அணைந்தும் அவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், தினேசு. சாயங்காலம் அதன் நேரம். அந்த நேரத்தில் அவளுடைய நைட்டி அசையாமல் இருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். பார்த்துவிட்டு வழக்கம்போல் தெருப்பக்கம் திரும்பினேன்.

"மாமா" என்றாள். திரும்பினேன். என்னைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "காலைலருந்து ஒரு அசைவு இல்ல மாமா. நேத்து ராத்திரிக்குப் பொறவு இல்லன்னுதான் நெனைக்கேன். நான் தூங்கிட்டேன் மாமா, எனக்குத் தெரியாமப் போச்சு." மேரி அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். அவள் முகமும் மாறிவிட்டது, ஆனாலும் தைரியம் சொல்லும் பழக்கத்தில், "நாள் நெருங்குனா அடங்கும்பா, எடம் பத்தாதில்ல? சக்கரத் தண்ணி கரைச்சுத் தரேன், கொஞ்சம் படுக்கட்டும், காலைல பார்த்துக்கலாம்" என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "படுத்தது போதும்! எழுந்து வாம்மா" என்று கத்தினேன். நம் வீட்டில் அப்படி ஒரு சத்தம் இதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் நைட் ஷிப்ட் பையன்கள்கூடக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவன் ஓடிப்போய் ஷேர் ஆட்டோ ஒன்றைப் பிடித்துவந்தான். மேரி அக்காவும் ஏறிக்கொண்டாள். ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் பறந்துதான் வந்தோம். அங்கே ஜெனரல் ஷிப்ட் விட்ட நேரம். கம்பெனி பஸ்கள் முன்னும் பின்னும் முட்டிக்கொண்டு நின்றன, கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே திரும்ப முடியாமல் மாட்டியிருந்தது. எத்தனை வருஷம் அதே இடத்தில் அதே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இடையில் நுழைகிற ஆட்டோக்காரனை எல்லாம் நான் வாயில் வந்தபடி திட்டியிருப்பேன். அன்றைக்கு நானே இறங்கி ஒவ்வொரு பஸ்ஸாகக் கையால் தட்டினேன். "வழி வுடுப்பா, புள்ளத்தாச்சிப் பொண்ணுப்பா, ஒரு அடி பின்னால எடுப்பா." சிலர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒருவர் பின்னால் எடுக்க, அடுத்தவர் ஓரம் கட்ட, ஆட்டோ அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நான் திரும்பி ஓடிவந்து பார்த்தபோது இசக்கி ஆட்டோவுக்குள் குனிந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தாள். "எந்திரில. எந்திரி. ஏல, ஒரு மிதி மிதில. எங்க வேணாலும் மிதி, அம்மா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன், எந்திரில." ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நான் வண்டி ஓட்டிய இத்தனை வருஷத்தில் எத்தனையோ விபத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குரலைக் கேட்டமாதிரி எதையும் கேட்டதில்லை. நீ கேட்டிருந்தால் என்ன ஆகியிருப்பாய் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கூட்டிப்போனார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். வயிற்றில் பட்டை கட்டி மிஷின் போடுவதாக நர்ஸ் சொன்னாள். கொஞ்ச நேரம் கரகரவென்று ஏதோ சத்தம், நடுவில் ஒன்றுமே இல்லை, மறுபடி கரகரப்பு. இசக்கி "இருக்கா? இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நர்ஸ் பட்டையை நகர்த்தி நகர்த்தி வைப்பது திரையில் நிழலாகத் தெரிந்தது. நான் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு கும்பிட்ட சாமி பேர் எல்லாம் உனக்குச் சொன்னால் சிரிப்பாய், அதில் மேரி அக்காவின் மாதாவும் உண்டு. அப்புறம் படபடவென்று ஒரு சத்தம் வந்தது. மிஷின் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். "அய்யா, கேக்குதா? குழந்தையோட இதயம்" என்று திரைக்குள்ளிருந்து நர்ஸ் சத்தமாகச் சொன்னாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேரி அக்கா என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இசக்கி "அம்மா!" என்று அலறினாள். நான் பதறி எழுந்தேன். நர்ஸ் சிரித்தாள். உதை விலாவில் விழுந்திருக்கிறது, பழைய இடத்திலேயே. "மிதிச்சுட்டான் மாமா! நல்லா வலிக்கி மாமா!" என்று அந்தப் பெண் திரைக்குள்ளிருந்து அழுதுகொண்டே கத்தினாள். மாமனார் என்ற கூச்சம் எல்லாம் எங்கே போயிற்றோ.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்தார். பிள்ளையைச் சுற்றியுள்ள தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கிறது, பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார். அனுப்பும்போது என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நாங்கள் ஷிப்ட் மாறியதாக நினைத்ததைச் சொன்னதும் அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, உடனே கோபமும் வந்தது. "குழந்தைக்கு ஷிப்ட் கிடையாதுங்க. பலமா உதைக்கிறது கஷ்டம்தான், ஆனா அதைப் பார்த்துப் பயப்பட வேணாம். அதோட வழக்கம் மாறினாதான் பயப்படணும். எப்பவும் ஆடுற நேரத்துல ஆடலைன்னா, இல்ல திடீர்னு வெறி புடிச்ச மாதிரி ஆடிட்டு அடங்கிட்டா, சர்க்கரைத் தண்ணி, படுத்துப் பார்க்கலாம், விடியட்டும்னு எல்லாம் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. அந்த நிமிஷமே வரணும். பிரசவம் நெருங்கினா ஆட்டம் குறையும்னு சொல்றதும் தப்பு. கடைசிவரைக்கும் ஆடணும். சும்மா வந்துட்டீங்கன்னு இங்க யாரும் திட்ட மாட்டோம், தினம் வந்தாலும் சரி." நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். "நீங்க இவங்க அப்பாவா?" என்று கேட்டார். மாமனார் என்றேன். "புருஷன் எங்க?" என்றார். புனே என்றேன்.

ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் இசக்கி அந்த வாக்கை வாங்கினாள். "அவுகளுக்குச் சொல்லாதிய மாமா. அங்க பிரஸ் மிஷின்ல நிக்காக. இதையே நெனச்சுக்கிட்டு கைய எங்கயாவது வச்சுருவாக. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்லா?" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால் சரி என்றேன். மறுநாள் நீ கூப்பிட்டு, புது லைனுக்கு டீம் லீடர் ஆக்குவதாகச் சொல்கிறார்கள், அதனால் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு டாக்டர் சொன்ன தேதிக்கு முந்தின நாள் கிளம்பி வருகிறேன் என்று சொன்னாய். அவள் சந்தோஷமான குரலில் "சரி, வாங்க" என்றாள். வைத்துவிட்டு அந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள். அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று மென்று விழுங்கிக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

டீம் லீடர் வேலை நல்ல வேலை. உன் உழைப்பு எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் டாக்டர் சொல்கிற தேதி நம் டூட்டி சார்ட் இல்லை. பிள்ளை முந்திக்கொண்டும் வரும், நாளைக்கே எடுத்துவிடலாம் என்று அவர்களே சொன்னாலும் சொல்வார்கள். நீ பிரசவத்துக்கு வருகிறேன் என்கிறாய். பிரசவத்துக்கு டாக்டர் இருக்கிறார், நர்சம்மா இருக்கிறாள். அதற்கு முந்தைய இந்த நாட்களுக்குத்தான் ஆள் இல்லை. உதைத்தால் அவளுக்கு வலி, கொஞ்ச நேரம் உதைக்காவிட்டால் பயம். தலையணையை நகர்த்தி வைக்க ஒரு கை வேண்டும். முதுகைத் தேய்த்துவிட ஒரு கை வேண்டும். குனிந்து கையை ஊன்றி இருப்பவளை எழுப்பிவிட ஒரு கை வேண்டும். அந்தக் கையை நான் நீட்ட முடியாது, தினேசு. அவள் என் மகள் மாதிரிதான், ஆனாலும் நீட்ட முடியாது. அவளும் பிடிக்க மாட்டாள். மேரி அக்காவுக்கும் அவள் குடும்பம் இருக்கிறது. உன் மேனேஜரிடம் இந்தக் காகிதத்தை வேண்டுமானாலும் காட்டு. அவரும் ஒரு வீட்டிலிருந்துதான் வேலைக்கு வருகிறார்.

இப்போது தினமும் சாயங்காலம் டூட்டி இல்லாவிட்டால் நானே நேரில் கேட்கிறேன். டூட்டி இருந்தால் பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுப் போனில் கேட்கிறேன். கூச்சத்தை எல்லாம் கட்டி வைத்துவிட்டு, ஒரே ஒரு சொல்தான் கேட்கிறேன். "ஆடுதாம்மா?" அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆடுது மாமா" என்கிறாள். அந்தப் பதில் வர ஒரு நொடி தாமதமானால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. நேற்று அப்படிக் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. நான் பதறிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். வயிற்றில் ஒரு பக்கம் துணி எழும்பியிருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, கண் கலங்க, என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்ட கேள்விக்கு அவள் பதிலை வேறு ஒருவருக்காக வைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது நான் கேட்க வேண்டிய கேள்வி இல்லை, நீ கேட்க வேண்டியது. சொல்லித் தெரிந்துகொள்கிற பதிலும் இல்லை. வந்து, கை வைத்துப் பார்.